குடியை விட்ட வீட்டில் கோபம்



ஒருவர் குடியை விட்டுவிட்டார் என்றால் நாம் மகிழ்கிறோம். நன்றித் திருப்பலிக்கு எழுதிக் கொடுக்கிறோம். இரண்டாவது வாரமே அந்த வீட்டில் சோற்றுத் தட்டு பறக்கிறது. “இவர் குடித்தபோதே பரவாயில்லையே” என்று மனைவி முணுமுணுக்கிறார். ஏன் இப்படி? இத்தனை ஆண்டுகளாகக் கோபம், வருத்தம், வெட்கம் எது வந்தாலும் அவர் மதுவில் கரைத்தார். இப்போது மது இல்லை. அவை அப்படியே எதிரே வந்து நிற்கின்றன. (நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இதையும் சொல்லிவிடுகிறோம்.)

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1856-இல் பிறந்த மேட் டால்பட் ஒரு கூலித் தொழிலாளி. பன்னிரண்டு வயதில் மது வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்தார். குடியும் அங்கேயே தொற்றிக்கொண்டது. 28 வயதில், கையில் காசில்லாத ஒரு நாள், மதுக்கடை அருகே நின்றார். தம் காசில் குடித்த நண்பர்கள் யாராவது அழைப்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் அழைக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தாயிடம் சொல்லிவிட்டு, குருவானவர் முன் உறுதிமொழி எடுத்தார். அதுவும் மூன்று மாதத்துக்கு மட்டும். வாழ்நாள் முழுவதற்கும் என்பது பிறகுதான் வந்தது.

அந்த மூன்று மாதம் பெரும் போராட்டம். வேலை முடிந்த மாலை நேரம்தான் கொடியது. கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும். பழைய நண்பர்களைத் தவிர்க்க அவர் ஆலயத்துக்கு நடந்தார், அங்கேயே அமர்ந்திருந்தார். பையில் காசு வைப்பதையும் நிறுத்தினார். இதைப் பக்தி என்று மட்டும் நாம் பார்க்க வேண்டாம். தம் மனத்தைத் தாமே நம்பக் கூடாத வேளை எதுவென்று அறிந்தவரின் விவேகம் அது.

வெட்கத்தையும் அவர் அப்படித்தான் எதிர்கொண்டார். குடிக்கக் காசில்லாதபோது, தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவரின் பிடிலைத் திருடி விற்றிருந்தார். தெளிந்தபின் அது உறுத்தியது. அந்த மனிதரைத் தேடி அலைந்தார், கிடைக்கவில்லை. அவருடைய ஆன்மாவுக்காகத் திருப்பலிக்குக் காசு கொடுத்தார். 1925-இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகள், மது அவர் வாயில் படவில்லை. 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தார்.

குடியிலிருந்து மீண்டவர்கள் தங்களுக்குள் நான்கைக் கவனிக்கச் சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. வீட்டில் அவர் எரிந்து விழும்போது பழைய கணக்கை எடுக்காமல், சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று முதலில் கேட்டுப் பார்ப்போம். அடி உதையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கை நீண்டால் அங்கிருந்து விலகி, உதவி தேடத்தான் வேண்டும்.

டால்பட் நடந்துபோன ஆலயம் மாலையில் திறந்திருந்தது. நம் ஊரில் மதுக்கடை இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. நம் ஆலயத்தை ஏழரைக்கே பூட்டிவிடுகிறோம். நம் அன்பியத்தில் இருவர் முன்வந்தால், அந்த இரண்டரை மணி நேரம் ஒருவரோடு உட்கார்ந்திருக்கலாம். சாவியைப் பங்குத்தந்தையிடம் கேட்டால் தருவார்.