ஓலை தின்னும் மாடும் நொதியமும்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் கோடை முற்றிப் புல் கருகும் காலத்தில் பனையோலையைக் கிழித்து மாட்டுக்குப் போடுவதும், வேலிப் பூவரசிலும் கிளுவையிலும் குழை முறித்து ஆட்டுக்குக் கட்டுவதும் பழைய வழக்கம். மனிதக் குடலால் செரிக்க இயலாத அந்த நாரே பாலாகவும் இறைச்சியாகவும் மனிதரிடம் திரும்பி வருகிறது. இம்மாற்றத்தைச் செய்வது மாடன்று. தாவர நாரின் முதன்மைப் பொருளான செலுலோசை அறுக்கும் நொதியம், அதாவது அத்தாக்கத்தை விரைவுபடுத்தும் புரதம், மாட்டின் உடலிலும் சுரப்பதில்லை. இரைமீட்கும் விலங்கின் நான்கு அறை இரைப்பையில் முதலாவதும் பெரியதுமான அறை, ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஒட்சிசன் அநேகமாக அற்ற நிலையில், ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் ஆயிரம் கோடி அளவில் பற்றீரியாக்களை வளர்க்கிறது; அவற்றின் நொதியங்களே ஓலையைக் கரைக்கின்றன.

அங்கே பங்கசுகளும் வாழ்கின்றன என்பது நெடுங்காலம் அறியப்படவில்லை. ஒட்சிசன் இன்றிப் பங்கசு வாழாது என்ற நம்பிக்கை அத்தனை உறுதியாக இருந்தமையால், செம்மறியின் இரைப்பையில் நீந்திய அவற்றின் வித்திகளைப் புரொட்டோசோவாக்கள் என்றே அறிஞர்கள் எண்ணியிருந்தனர். 1975இல் கொலின் ஓர்ப்பின் என்னும் ஆங்கிலேய ஆய்வாளரே அத்தவறைத் திருத்தினார். நாருக்குள் வேர்போல் ஊடுருவி அதைப் பிளக்கும் இப்பங்கசுகள் மிக வலிய நொதியங்களைச் சுரக்கின்றன.

இந்நுண்ணங்கிகளுள் பெரும்பாலானவை ஆய்வுகூடத்தில் எளிதில் வளர்வதில்லை. ஆகவே உயிரியை வளர்க்காமல், மாதிரியிலுள்ள மரபணுக்கள் அனைத்தையும் ஒருங்கே வாசிக்கும் முறை உருவாயிற்று. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், புல்லை நைலோன் பையில் இட்டுப் பசுவின் இரைப்பைக்குள் ஊறவைத்து, அதில் ஒட்டிய நுண்ணங்கிகளிலிருந்து காபோவைதரேற்றைச் சிதைக்கக்கூடிய 27,755 மரபணுக்கள் இனங்காணப்பட்டன. அவற்றிலிருந்து ஆக்கிச் சோதிக்கப்பட்ட 90 புரதங்களில் 57 வீதமானவை உண்மையிலேயே செயற்பட்டன. கடதாசிக் கூழை வெளுக்கையில் குளோரீன் தேவையைக் குறைக்கவும், பயிர்க் கழிவிலிருந்து எரிபொருள் வடிக்கவும் இத்தகைய நொதியங்கள் பயன்படும். ஆயினும் மாட்டின் உடல் வெப்பத்துக்குப் பழகிய நொதியம் ஆலையின் கடும் வெப்பத்தைத் தாங்குவது அரிது. அங்கேதான் தேடலின் கடினம் தொடங்குகிறது.

யாழ்ப்பாணத்துக்கு நொதியவியல் அந்நியமன்று. பேராசிரியர்கள் பாலசுப்பிரமணியம், வசந்தி அரசரத்தினம் ஆகியோர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உயிர் இரசாயனவியல் துறையில் மாப்பொருளை வெல்லமாக்கும் நொதியங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். இத்தேடலுக்குத் துணைநிற்கக்கூடிய அப்பல்கலைக்கழக விவசாய பீடமும் கிளிநொச்சியில் இயங்குகிறது. ஓலையும் குழையும் தின்னும் இப்பகுதி விலங்கின் இரைப்பையில், குளிர்நாட்டுப் புல் தின்னும் பசுவில் இல்லாத நொதியங்கள் இருக்கக்கூடும் என எண்ண நியாயம் உண்டு. தீன் மாறினால் இரைப்பையின் குடிகளும் மாறும். இறைச்சிக்காக அறுக்கப்படும் ஆட்டின் இரைப்பைச் சக்கை இன்று குப்பைக்குப் போகிறது. அதைக் காற்றுப் படாமல், சூடு ஆறுமுன், காபனீரொட்சைட்டு நிரப்பிய குடுவையில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு சேர்க்க ஒருவர் முன்வந்தாலே வேலை தொடங்கிவிடும்.