பௌதிகவியலில் கடினமான பகுதி எது?



ஹேவாஹெட்ட மலைச்சரிவில் உருளும் கல்லின் பாதையைச் சிறுவனும் காண்கின்றான். நியூட்டனின் விதிகள் அவனுக்கு அந்நியமல்ல. அவனே வளர்ந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மின்காந்தவியலையும் குவாண்டம் எனப்படும் சத்திச்சொட்டுப் பொறியியலையும் கற்கும்போது தடுமாறுகின்றான். காரணம் யாது?

மின்புலம் கண்ணுக்குப் புலனாகாது. நுண்கணிதமே அதனைக் காட்டும். இலத்திரனுக்கோ கல்லைப்போல் வரையறுத்த பாதையே இல்லை. அதன் இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே திட்டமாக அறியவியலாதென 1927இல் ஐசன்பேர்க் எடுத்துரைத்தார். கண்டறிந்த அனுபவம் கைவிட, கணிதமே ஊன்றுகோலாகின்றது. அக்கணிதமும் அவனுக்குப் புதிது. மேலும், பாடசாலையிலே தமிழிற் பயின்றவன் அங்கே ஆங்கிலத்திற் கேட்கின்றான்.

ஆகவே, அவன் இடறுவது அறிவுக்குறைவாலன்று. கணிதத்தை முந்திப் பயின்று, கருத்தைத் தாய்மொழியிற் சிந்தித்துத் தெளிபவனுக்கு அப்பாடங்களும் வசப்படும்.