குழாய் வாயும் கிணற்று வாயும்

வளரும் நாடுகளில் சுற்றுச்சூழல் சட்டம் ஏன் பலிப்பதில்லை என்று கேட்டால், சட்டம் போதவில்லை என்பார் சிலர். சட்டம் இருக்கிறது, அமலாக்க ஆளில்லை என்பார் பலர். இந்தியாவைப் பொறுத்தவரை முதல் விடை நிற்காது. 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் என்று சட்டத்துக்குக் குறைவில்லை. இரண்டாவது விடை பாதி உண்மை. சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினாலும் தேறாத கிணறுகள் இருக்கின்றன. நம் சட்டம் ஆலையின் குழாய் வாயைப் பார்க்கப் பழகிய அளவுக்குக் கிணற்று வாயைப் பார்க்கப் பழகவில்லை. இதைக் காட்ட வெளிநாடு போக வேண்டாம். தமிழ்நாட்டிலேயே திண்டுக்கல் இருக்கிறது.

தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. வழக்கின் பெயரில் வேலூர் இருப்பதால் திண்டுக்கல்லைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்ட மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதியே என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதினார். 1992இல் ரியோ மாநாடு பிரகடனமாகச் சொன்னவை நான்கே ஆண்டுகளில் இங்கே சட்டமாயின. ஆனால் அந்தத் தீர்ப்பில் கோட்பாடுகளைவிடக் கனமானதாக எனக்குப் படுவது ஒரு சிறு கணக்கெடுப்பு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்கிறது அது. கிணறு கிணறாகப் போய் எண்ணியது அரசு அல்ல, ஒரு தொண்டு நிறுவனம்.

கிணறு கெட்ட விதத்தையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் இங்கே தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போதுமாக இருந்தன. 1970களில் பச்சைத் தோலும் அரைப்பதத் தோலும் வெளிநாடு போவதைக் கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யும்படி தூண்டியது மத்திய அரசின் கொள்கை. குரோமியமும் ரசாயனங்களும் பெருகின. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று தீர்ப்பே கூறுகிறது. மக்கள் குரோமியத்துக்கு அஞ்சினார்கள். அது நியாயமான அச்சம். வயலை முதலில் கெடுத்ததோ உப்பு. தோல் அழுகாமலிருக்கத் தடவும் உப்பு, ஊறல் தொட்டியில் கரைந்து வெளியேறுகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் குரோமியத்தைப் படிய வைக்கலாம், கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் தின்னும். உப்பை அவை தொடுவதில்லை. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் பிரித்தாலும் எங்கே கொட்டுவதென்று தெரியாத உப்புக் குவியல் மிஞ்சுகிறது. நாளைக்கே எல்லா ஆலைகளும் விதிப்படி நடந்தாலும், பல்லாண்டுகளாக மண்ணில் இறங்கிய உவர் நிலத்தடியில் அப்படியே கிடக்கும்.

இதற்குச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோலைப் பாருங்கள். நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு கிணற்றிலும் மாதிரி எடுக்க இடம் தருகிறது. ஆனால் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் சான்றுக்கான நடைமுறையை ஆலைக் கழிவுநீருக்கே விரித்து எழுதியிருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்தாண்டுதான் கெடு. கிணறு உப்பாவதற்கு நாள் நட்சத்திரம் ஏது? முதலில் பருப்பு வேகாது, பிறகு தென்னை காய்க்காது. எந்த நாளை விவசாயி மனுவில் எழுதுவார்?

கிணற்றையும் பார்க்கும் கண்டிப்பு ஏழை நாட்டுக்குக் கட்டுமா என்பது முதல் மறுப்பு. பதனிட்ட தோல் ஏற்றுமதியில் சுமார் 80 விழுக்காடு அன்று தமிழ்நாட்டுடையதாக இருந்ததையும் அதனால் வந்த அந்நியச் செலாவணியையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் 1996 தீர்ப்பு எழுதப்பட்டது. அந்நியச் செலாவணியின் விலையைக் கிணற்றுக்காரர் மட்டும் கொடுத்தால் அது வளர்ச்சிக் கணக்கு ஆகாது. ஒருவர் கடனை இன்னொருவர் தலையில் கட்டுவதாகும். இரண்டாவது மறுப்பு இன்னும் கூரியது: நூறு ஆலைகளின் நீர் கலந்த இடத்தில் எந்த ஆலை எந்தக் கிணற்றைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது? சிறு உரிமையாளர்கள் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலை இந்தப் பாதையில் தள்ளியது அரசு என்பதால் ஈடு தருவதில் அரசும் பங்காளி. உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று வேலூர் தோல் ஆலை வழக்கில் ஏறத்தாழ இதே வழியைத்தான் எடுத்தது: 2001, 2009 ஆண்டுகளின் இழப்பீட்டு ஆணைகளின்படி மாநில அரசு முதலில் கொடுக்கட்டும், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும் என்றது. ஆணையிட்ட இழப்பீட்டைக் கொடுக்கச் சொல்லவே இன்னொரு தீர்ப்பு வேண்டியிருந்தது. இடையில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

எனவே அளக்கும் இடம் மாற வேண்டும். ஆலை சூழ்ந்த ஒவ்வொரு ஊராட்சியிலும் கிணற்றுப் பேரேடு ஒன்று இருக்கட்டும். கோடையிலும் மழைக்குப் பின்னும் உப்பின் அளவு அதில் ஏறட்டும், கிராம சபையில் வாசிக்கப்படட்டும். கிராமத்து ஆள் அளந்தால் அறிவியலாகுமா என்று கேட்கலாம். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியை நீரில் தோய்த்து எண்ணைக் குறிப்பது கடினமான வேலையல்ல; ஐயம் எழுந்தால் பல்கலைக்கழக ஆய்வகம் சரிபார்க்கலாம். அந்தப் பேரேட்டுக்கு எடை தருவதுதான் கடினம். ஆலைகளுக்கு இசைவாணை தரும்போது நிபந்தனை விதிக்கும் அதிகாரம் நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலேயே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் உப்பு ஏறினால் காரணம் காட்டிய பிறகே புதுப்பிப்பு என்ற ஒரு நிபந்தனையைச் சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.