வாசகரோடு வெளியேறும் உரிமை



"நான் எழுதியது என்னுடையதுதானே?" என்ற நிம்மதியோடுதான் நம்மில் பலர் சமூக ஊடகங்களில் எழுதிக் குவிக்கிறோம். சட்டப்படி அது சரியே. பெரிய நிறுவனங்களின் விதிமுறைகளிலும் உரிமை எழுதியவருக்கே என்றுதான் இருக்கிறது. பயன்படுத்தும் அனுமதியை மட்டும் அவை வாங்கிக்கொள்கின்றன. ஆனால் அந்த உரிமை யாரைக் காப்பாற்றியது? 2009-ல் ஜியோசிட்டீஸ் என்ற இணையப்பக்கத் தளத்தை யாஹூ மூடியது. 2014-ல் ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தைக் கூகுள் மூடியது. 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தில் தொலைந்துவிட்டதாக மைஸ்பேஸ் தளம் 2019-ல் ஒப்புக்கொண்டது. பாடியவருக்கு உரிமை மிஞ்சியது, பாட்டு மிஞ்சவில்லை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அது சரியா தவறா என்பது வேறு வழக்கு. அதில் ஆடியும் நடித்தும் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்திருந்த நம் ஊர்ப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். வீடியோவைக் கைபேசியில் பத்திரப்படுத்தியிருந்தவருக்கும், பார்வையாளரைப் பத்திரப்படுத்த வழியில்லாமல் போயிற்று.

ஆகவே, வாசகரையும் அழைத்துக்கொண்டு வெளியேற முடிந்தால்தான் அது உடைமை என்கிறேன். கைபேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011-ல் நாடு முழுவதும் நமக்குக் கிடைத்தது. எழுத்துக்கும் அதைக் கேட்பது பேராசையா? யாரும் தம் சர்வரில் நிறுவிக்கொள்ளக்கூடிய மாஸ்டடான் என்ற சமூக ஊடக மென்பொருள் 2016-லேயே வந்துவிட்டது. வெவ்வேறு சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018-ல் பொதுத் தரமாக ஏற்றது. மாஸ்டடானில் இடம் மாற, புதிய சர்வரில் கணக்கு தொடங்கி, அதன் அமைப்புகளில் பழைய முகவரியைக் குறித்துவிட்டு, பழைய கணக்கில் இடமாற்றத்தை உறுதி செய்தால் போதும். பின்தொடர்பவர்கள் புதிய முகவரிக்குத் தாமாகவே வந்துசேர்கிறார்கள். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

குறையை மறைக்க மாட்டேன். வாசகர்கள் வருவார்கள், பழைய பதிவுகள் வருவதில்லை. அவற்றைத் தரவிறக்கி நாமே வைத்துக்கொள்ள வேண்டும். ப்ளூஸ்கை என்ற மற்றொரு சமூக ஊடகத்தின் நெறிமுறையில் பதிவுகளையும் கொண்டுபோக வழி உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலோர் அந்த நிறுவனத்தின் சர்வர்களிலேயே தங்கியிருக்கிறார்கள். பயன்படுத்தாத உரிமை ஏட்டோடு நின்றுவிடுகிறது. தலைமை இல்லாத இடத்தில் வெறுப்புப் பேச்சு பெருகும் என்பது இன்னும் கனமான மறுப்பு. 2019-ல் கேப் என்ற தீவிர வலதுசாரித் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது, பல சர்வர்கள் அதனோடு தொடர்பைத் துண்டித்தன. அதை ஒழிக்க முடியவில்லை, உண்மைதான். ஆனால் தங்கள் வாசலை அடைக்கும் அதிகாரம் அந்தச் சர்வர்களை நடத்துவோர் கையிலேயே இருந்தது. கோடிக்கணக்கானோருக்கு ஒரே நிறுவனம் தீர்ப்பெழுதுவதைவிட இதையே நான் ஏற்பேன்.

"இதெல்லாம் சாமானியருக்குக் கஷ்டம்" என்பார்கள். தனி ஆளுக்குக் கஷ்டம்தான்; அதனால்தான் அமைப்புகள் முன்வர வேண்டும் என்று இந்த மேடையில் பேசுகிறேன். ஜெர்மனியில் அரசுத் துறைகளுக்கான மாஸ்டடான் சர்வரைக் கூட்டாட்சித் தரவுப் பாதுகாப்பு ஆணையமே தொடங்கியது. நம்மிடமும் முன்னுதாரணம் உண்டு: 1998 முதல் மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறது. அந்தத் தெம்பில் கேட்கிறேன்: தமிழ்ச் சங்கங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் நூலகங்களும் தங்கள் எழுத்தாளர்களுக்கென ஆளுக்கொரு சர்வர் தொடங்கட்டும். அதன் செலவு ஆண்டு வரவுசெலவுக் கணக்கிலேயே இடம்பெறட்டும். என்றாவது மூட நேர்ந்தால் மூன்று மாதம் முன்பே அறிவிப்போம் என்ற உறுதிமொழி, முதல் நாளிலேயே விதியாக எழுதப்படட்டும்.