ஓடைக்கு வேண்டாம், உழுத நிலத்துக்குக் கொடுப்போம்!

(ஸ்பிரிங்வெளியில் ஆற்றிய உரை)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். சிறுநீரைப் பற்றி மேடையில் பேசுவதா என வினவவுங்கூடும். நமது தண்ணீரையும் தோட்டத்தையும் பற்றிய பேச்சு இது. ஆகவே கூச்சத்தை ஒதுக்கிவிட்டே பேசுவோம்.

நமுனுகுல மலைச்சாரலிலே பிறக்கும் ஓடைகள் பதுளை ஓயாவிலே சேருகின்றன. துன்ஹிந்த அருவியாய் விழும் அவ்வாறு மகாவலியோடு கலக்கின்றது. மகாவலி கொட்டியாரக் குடாவிலே கடலை அடைகின்றது. நாம் இங்கு ஓடையிலே விடுவது திருகோணமலைக் கமக்காரனின் வயல்வரை செல்லும் வழியிலேதான் இறங்குகின்றது. மலைநாட்டுத் தமிழனையும் கீழ்மாகாணத் தமிழனையும் இணைக்கும் நீரை மாசுபடுத்தலாமா?

வீட்டுக் கழிவுநீரிலே சிறுநீர் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் அக்கழிவிலுள்ள நைதரசனிலோ ஏறக்குறைய எண்பது வீதம் அதிலேயே அடங்கியிருக்கின்றது. நீரிலே சேர்ந்தால் அது பாசியை வளர்த்து நீர்நிலையைக் கெடுக்கும். மண்ணிலே சேர்ந்தால் பயிரை வளர்க்கும். பொருள் ஒன்றே, சேரும் இடமே வேறு.

வளர்ந்த ஒருவர் ஓராண்டிலே விடும் சிறுநீர் ஏறக்குறைய 500 லீற்றர். அதிலுள்ள நைதரசன் குறைந்தது 2 கிலோ என்றே கொள்வோம். 100 கிலோ யூரியாவிலே 46 கிலோ நைதரசன் உண்டு. அக்கணக்கின்படி, பெரியவர் ஐவர் வாழும் வீடு ஆண்டுதோறும் 20 கிலோவுக்கு மேற்பட்ட யூரியாவின் சத்தை வீணே ஒழுகவிடுகின்றது. 2021 மே மாதத்திலே இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது கமக்காரர் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. நவம்பரிலே தடை நீங்கிற்று. விலையோ மறு ஆண்டிலே எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. வீட்டிலேயே பசளை இருந்தும் கடைவாசலிலே கைகட்டி நின்றோம்!

இது வெறுங்கனவன்று. தமிழ்நாட்டிலே, காவேரிக் கரையிலுள்ள முசிறியிலே, 2006 ஆம் ஆண்டளவில் ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம் சிறுநீரையும் மலத்தையும் வேறாக்கும் பொது மலசலகூடத்தை நிறுவியது. அதைப் பயன்படுத்தியோரிடம் காசு வாங்கவில்லை. அவர்களுக்கே காசு கொடுத்தார்கள்! சேர்த்த சிறுநீர் பயிருக்குப் போயிற்று.

செய்முறை எளிது. மலங்கலவாத சிறுநீரை இறுக மூடிய கலனிலே சேர்க்கவேண்டும்; திறந்துவைத்தால் நைதரசன் காற்றோடு போய்விடும். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு நீர் கலந்து, இலையிலே படாமல், வேரருகே ஊற்றி மண்ணால் மூடவேண்டும். சொந்த வீட்டுத் தேவைக்காயின், கடைசியாக ஊற்றியதற்கும் அறுவடைக்கும் இடையே ஒரு மாதம் விடவேண்டும். பல வீட்டுச் சிறுநீரைச் சேர்த்து எல்லாப் பயிருக்கும் இடுவதாயின், 20 பாகை வெப்பத்திலே ஆறு மாதம் வைத்திருக்கவேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2006 இலே வகுத்த நெறி இது. கொழுந்து பறிக்கும் தேயிலையிலே தெளிக்கவேண்டாம்; போஞ்சிக்கும் கோவாவுக்கும் வாழைக்கும் வேரடியிலே இடுவோம்.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லிவைக்கின்றோம். ஒருவன் கழிவை இன்னொருவன் தலையிலே சுமத்திய கொடுமையைத் தமிழினம் நெடுங்காலம் செய்தது. இத்திட்டத்தின் பெயரால் அக்கொடுமை மீளக்கூடாது. அவரவர் கலனை அவரவரே தூக்கவேண்டும்; உத்தியோகத்தராயினும் சரி, தொழிலாளராயினும் சரி. பலர் ஒன்றாய்ப் பாவிக்கும் கூடமாயின், வேலை முறைவைத்து நடக்கட்டும். சாதி பார்த்து நடக்கவேண்டாம்.

மற்றொன்றும் உண்டு. பசளை இருந்தும் அதை ஊற்ற நிலம் வேண்டாமா? லயத்து வாசலிலே ஒரு முழ மண்ணும் தனக்கென இல்லாதவனிடம் தோட்டஞ்செய் என்பது கேலியாகும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மலசலகூடமும் வீட்டுத்தோட்டத்துக்குக் காணியும் வேண்டுமென்ற கோரிக்கையோடு இதுவும் சேர்ந்தே நிற்கின்றது.

கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. நிலமுள்ள கமக்காரர் ஒரு பாத்தியிலே தொடங்கட்டும். அருகிலுள்ள பாத்தியை வழமைபோல விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஆசிரியரும் வைத்தியரும் அளவையும் சுத்தத்தையும் கற்பிக்கட்டும். ஓடை தெளியட்டும், மண் செழிக்கட்டும்!