மலை சாய்ந்த மாலை

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தொலைக்காட்சி மற்போரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தலைப்பை அறிவித்தவுடன் பின்வரிசையில் ஒரு சிரிப்பொலி எழுந்தது. தமிழ்ச் சங்கத்து மேடையில் மல்லனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் எண்ணியிருக்கலாம். புறநானூற்றிலேயே அவனுக்கு இடம் உண்டு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஆயினும் அது மெய்ப்போர். நான் சொல்லவிருப்பதோ, வெல்பவர் யார் என்று முன்னதாகவே முடிவு செய்யப்பட்ட போர். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

நாள் 1987 மார்ச் 29. இடம், அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு அண்மையிலுள்ள பாண்டியாக் என்னும் ஊர். பெயரைக் கேட்டவுடன் பாண்டியனைத் தேட வேண்டா. அது அந்நாட்டுப் பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயர். அவ்வூரில் அப்போது இருந்த சில்வர்டோம் என்ற கூரையிட்ட கால்பந்து அரங்கில், உலக மற்போர்க் கூட்டமைப்பு என்னும் நிறுவனம் தன் மூன்றாவது 'ரெஸ்ல்மேனியா'வை நடத்தியது. வந்தவர்கள் 93,173 பேர் என்று அறிவித்தார்கள். உண்மையில் 78,000 பேரே இருந்தனர் என்று கணக்கிட்டு மறுப்பவர்களும் உண்டு. கூட்டத்தைப் பெருக்கிச் சொல்வது விழா நடத்தும் நமக்கும் புதிதன்று. ஆகவே அந்த வழக்கை இங்கே தீர்க்க முயலவில்லை. வேறு நகரங்களில் கட்டணம் செலுத்தி அரங்குகளின் திரையிலும், வீட்டுத் தொலைக்காட்சியிலும் கண்டவர்கள் பலர். நம் நாட்டில் இத்தகைய காட்சிகள் 1990களில் கேபிள் வழியே வீடுதோறும் புகுந்தன. மல்லர்களின் உயரமும் எடையும் அச்சிட்ட சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தை இங்குள்ள பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

அன்று நடந்தவை பன்னிரண்டு போர்கள். இறுதிப் போரைக் காணவே கூட்டம் வந்தது. ஒருபுறம் ஹல்க் ஹோகன், 1984 சனவரி முதல் சாம்பியன் பட்டத்தைத் தாங்கியவர். மஞ்சள் உடையும் பொன்னிற மீசையுமாகக் குழந்தைகளின் உள்ளத்தைக் கவர்ந்தவர். மறுபுறம் ஆந்த்ரே. பிரான்ஸ் நாட்டில் 1946இல் பிறந்தவர். உயரம் 7 அடி 4 அங்குலம், எடை 520 பவுண்டு என்று விளம்பரம் செய்தார்கள். 'பூதம் ஆந்த்ரே' என்றே பெயர். ஆண்டுக்கணக்கில் மக்கள் விரும்பிய நல்லவர் அவர். அவரையே அவ்வாண்டு தீயவராக்கினார்கள். நண்பனுக்குப் பெரிய கோப்பை, தமக்குச் சிறிய கோப்பை என்று மனம் கோணுகிறார். சூழ்ச்சிக்கார மானேஜர் ஒருவருடன் சேர்கிறார். நண்பனின் சட்டையைக் கிழித்து, கழுத்திலிருந்த சிலுவைச் சங்கிலியையும் அறுத்தெறிகிறார். நம் கூத்துக் கலைஞர் யாரிடமேனும் இக்கதையைக் கொடுத்தால் ஒரே இரவில் அரங்கேற்றிவிடுவார்.

பதினைந்து ஆண்டுகளாக ஆந்த்ரே தோற்றதில்லை, அவரைத் தூக்கிக் கிடத்தியவர் எவரும் இலர் என்று கதை கட்டினார்கள். இரண்டும் பொய். 1986இல் ஜப்பானில் அன்டோனியோ இனோக்கியிடம் தோற்றவர்தாம் அவர். 1980இல் நியூயார்க் நகரத்து ஷே ஸ்டேடியத்தில் இதே ஹோகன் இதே ஆந்த்ரேயைத் தூக்கிக் கிடத்தியிருக்கிறார். அன்று தீயவர் ஹோகன்!

இத்தனை பொய்களுக்கிடையில் மெய் எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். ஆந்த்ரேயின் உடலில் இருந்தது. அவருடைய பெருவடிவம் ஒரு நோயின் விளைவு. வளர்ச்சிச் சுரப்பு அளவு மீறிப் பெருகி, முதிர்ந்த பின்னும் எலும்பையும் உறுப்புகளையும் பெருக்கும் அந்நோயை மருத்துவர்கள் அக்ரோமெகலி என்பர். 1986இல் அவருக்கு முதுகில் அறுவை நடந்தது. அக்காலத்தில் அவர் நடித்த 'தி பிரின்சஸ் பிரைட்' என்னும் திரைப்படத்தில், மெலிந்த உடலினரான கதைத்தலைவியை ஏந்திப் பிடிக்கக்கூட இயலாமல், கம்பி கட்டி அக்காட்சியை எடுத்தார்கள். அந்த மனிதர்தாம் சில மாதங்களுக்குப் பின், கரிய உடையினுள் முதுகுக்குப் பட்டை அணிந்து அரங்கேறினார்.

போர் நிகழ்ந்தது பன்னிரண்டு நிமிடம். தொடக்கத்திலேயே ஹோகன் அவரைத் தூக்க முயன்று, பாரம் தாங்காது மல்லாந்து விழ, மேலே மலையென ஆந்த்ரே விழுகிறார். பின்னர் நெடுநேரம் கரடிப்பிடி. அசைவே இல்லாத அந்த நேரத்தை இளைஞர்கள் இன்று ஓடவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். நானும் முதன்முறை அவ்வாறே செய்தேன். ஆந்த்ரேயின் நோயை அறிந்தபின் மீண்டும் பார்த்தபோது, அந்தப் பிடி எனக்கு ஓய்வாகத் தோன்றியது: நிற்பதே அரிதான ஒருவர், தாம் பிடித்திருப்பவர்மீதே சாய்ந்து மூச்சு வாங்குகிறார். இறுதியில் ஹோகன் அவரைத் தூக்குகிறார். பேருருவம் காற்றில் புரண்டு தரையில் அதிர்கிறது. ஹோகன் தம் காலை அவர் கழுத்தின் மேல் விழவிட்டு, மூன்று எண்ணும் வரை அழுத்திப் பட்டத்தைக் காத்துக்கொள்கிறார்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆந்த்ரே இசையாதிருந்தால் அவரை எவரும் தூக்கியிருக்க முடியாது. அன்று அவர் தம்மைத் தூக்க விடுவாரோ மாட்டாரோ என்று தமக்கு உறுதி இல்லை என ஹோகனே பின்னாளில் கூறினார். தம் புகழை அடுத்தவர் தோளில் ஏற்றிவிட்டு விழுவதற்கு ஆந்த்ரே உடன்பட்டார். முடிவு மட்டுமே முன்னதாக எழுதப்பட்டது. விழுந்த முதுகு அறுவை செய்த முதுகே. வென்றவருக்கும் விலை உண்டு. அதே காலடி உத்தியை இரவுதோறும் செய்து முதுகும் இடுப்பும் சிதைந்து, பல அறுவைகளுக்கு ஆளானார் ஹோகன். 2025 சூலையில் அவரும் மறைந்தார்.

அன்றைய நிகழ்ச்சியில் கலைநயம் மிக்கது இறுதிப் போர் அன்று என்பது சுவைஞர் பலர் கருத்து, எனக்கும் உடன்பாடே. ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதிய கால் மணிப் போரில் ஒவ்வோர் அசைவையும் முன்னரே எழுதி, பாடம் போல் ஒப்பித்துப் பயின்று வந்தார்கள். நாட்டியப் பயிற்சியை அறிந்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும்.

இனி ஒரு கசப்பான செய்தி. அன்று அரங்கின் ஓரத்தில் அமர்ந்து நேர்முக வருணனை அளித்த இருவருள் ஒருவர் ஜெஸ்ஸி வெஞ்சூரா. பிற்காலத்தில் மினசோட்டா மாநில ஆளுநரானவர். 1986இல், மல்லர்கள் தொழிற்சங்கம் அமைக்க வேண்டும் என்று அவர் உடைமாற்றும் அறையில் பேசினார். அவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, மருத்துவக் காப்பீடும் இல்லை. ஊழியர் என்று ஏற்காமல் தனித்த ஒப்பந்தக்காரர் என்றே நிறுவனம் அவர்களை எழுதிவைத்திருந்தது. அப்பேச்சு முதலாளியின் செவிக்கு எட்டியது, முயற்சி கருகியது. சொன்னவர் யார்? பின்னர் வெஞ்சூரா தொடுத்த வழக்கில் அந்நிறுவனத் தலைவர் வின்ஸ் மக்மான் வாக்குமூலம் அளித்தார்: ஹல்க் ஹோகன். கதையில் நண்பனைக் கைவிட்டவர் ஆந்த்ரே என்று மக்கள் கூச்சலிட்டார்கள். கதைக்கு வெளியே நடந்தது இது. 1989இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் விளையாட்டுக் கட்டுப்பாடுகளினின்றும் விலக்குப் பெறும்பொருட்டு, இது வெறும் கேளிக்கையே என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலாலும் மல்லர்க்கு ஓய்வூதியம் கிட்டவில்லை.

1988 பிப்ரவரியில் மறுபோர் என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்தது. பார்த்தவர் 3 கோடியே 30 இலட்சம் பேர் என்பர். நடுவரைப் போலவே தோன்றும் மற்றொருவர் வந்து செய்த வஞ்சனையால் ஆந்த்ரே பட்டம் பெற்று, அந்த நிமிடமே அதை வேறொருவருக்குத் தந்தார். அதன்பின் அவர் அரங்கில் நின்றதெல்லாம் கயிற்றைப் பற்றிக்கொண்டுதான்.

1993 சனவரியில் தந்தையின் இறுதிச் சடங்குக்காகப் பிரான்ஸ் சென்றார் ஆந்த்ரே. பாரிஸ் நகர விடுதி அறையில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 46.

தலைவர் அவர்கள் மணியின்மேல் கை வைத்துவிட்டார்கள்.