போட்டி இருக்கட்டும், ஏளனம் வேண்டாம்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இதே மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, "பேச்சு எப்பதான் முடியுமோ" என்று காத்திருந்தவன் நான். ஆகவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

கணினிக்கு நிரல் எழுதுவது என் தொழில். நிரலை எழுதவும் திருத்தவும் பயன்படும் கருவிக்கு எடிட்டர் என்று பெயர். தச்சருக்கு உளி எப்படியோ, எங்களுக்கு அது அப்படி. எந்த எடிட்டர் சிறந்தது என்பதில் எங்கள் தொழிலில் பல்லாண்டுகளாக ஒரு சண்டை உண்டு. விளையாட்டுப் போட்டியில் சிவப்பு இல்லமும் நீல இல்லமும் தொண்டை கிழியக் கத்துமே, அந்த மாதிரி!

இரண்டு கட்சிகளும் 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் வி-ஐ என்னும் எடிட்டரை எழுதத் தொடங்கினார். வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே வேலை செய்தார். நொடிக்கு ஏறக்குறைய 30 எழுத்துகள்தாம் வந்து சேரும். அதனால் கட்டளைகளை ஓரெழுத்து, ஈரெழுத்தாகச் சுருக்கினார். அவருடைய விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேல் அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்றும் வி-ஐ கட்சிக்காரர்கள் திரையில் நகர்வது அந்த நான்கு விசைகளால்தான்.

அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் ஈமேக்ஸை உருவாக்கினார்கள். அதை அவரவர் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். பிற்காலத்தில் அதற்குள்ளேயே கடிதம் படிக்கவும் விளையாடவும்கூட வசதி வந்தது. "இது எடிட்டரா, மளிகைக் கடையா?" என்பார்கள் வி-ஐ காரர்கள். "உங்க எடிட்டருக்குள்ள போனவன் வெளியே வர வழி தெரியாமத் தவிக்கிறானே!" என்பார்கள் ஈமேக்ஸ்காரர்கள்.

ஆனால் பாருங்கள், ஈமேக்ஸுக்குள்ளேயே வி-ஐ விசைகளைப் பயன்படுத்த ஓர் இணைப்பு எழுதிவிட்டார்கள்! சண்டை போட்டாலும் எதிர்க்கட்சியின் நல்லதை எடுத்துக்கொண்டார்கள். 1991இல் நெதர்லாந்தின் பிராம் மோலனார், வி-ஐயை வளர்த்து விம் என்று வெளியிட்டார். விம்மைத் திறந்தால், உகாண்டா நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு உதவும்படி ஒரு வேண்டுகோள் தோன்றச் செய்தார். 2023இல் காலமானார். இவையெல்லாம் போட்டியில் விளைந்த நன்மைகள்.

இனி, நான் செய்த ஒரு தவறு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் ஓர் இளம்பெண் புதிதாகச் சேர்ந்தார். 2015இல் வந்த விஷுவல் ஸ்டுடியோ கோட் அவருடைய எடிட்டர். நானோ வி-ஐ பரம்பரை! எல்லார் முன்னிலையிலும், "இது சின்னப் பிள்ளைங்க விளையாடுற சாமான்லா!" என்று சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதன்பின் என்னிடம் சந்தேகம் கேட்பதையே நிறுத்திக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, என் நிரலில் இருந்த பிழையால் நாங்கள் இரவு 2 மணி வரை விழித்திருக்க நேர்ந்தது. அந்தப் பிழையை அவர் முந்தின வாரமே பார்த்திருக்கிறார்!

"ஏம்மா சொல்லலை?" என்றேன்.

"சொன்னா சிரிப்பீங்கன்னு நெனச்சேண்ணே," என்றார்.

மறுநாள் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தது எல்லார் முன்னாலும்தானே! இன்று என் நிரலில் முதலில் குறை காண்பவர் அவர்தான். சண்டை மட்டும் ஓயவில்லை. "உங்க வி-ஐயைக் காட்சியகத்துல வைங்கண்ணே" என்பார். இப்போது இருவரும் சேர்ந்தே சிரிக்கிறோம்.

மாணவச் செல்வங்களே, நன்றாகப் போட்டி போடுங்கள். ஆனால் இன்று கோப்பையோடு இறங்கி வரும்போது, வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும் நண்பனைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்காதீர்கள். நாளை உங்கள் கணக்கில் இருக்கும் தவறு அவன் கண்ணுக்குத்தான் தெரியலாம். அதைச் சொல்ல அவன் வாய் திறக்க வேண்டுமே!